வலைக்குள் ஆமை, படகருகே திமிங்கிலம்: வாசகர் கேள்வி–பதில்

கூட்டப்புளி முதல் கூடுதாழை வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், நாட்டுப்படகில் போகிறவர்கள் பெரிய கடல் உயிர்களை எதிர்கொள்வது பற்றிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

வழிவலையை (நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை) இழுக்கும்போது பங்குனி ஆமை ஒன்று வந்தது. தலை தொங்கிக் கிடந்தது, அசைவே இல்லை. செத்துவிட்டது என்று திரும்பக் கடலில் போட்டுவிட்டோம். செய்தது சரிதானா?
— வாசகர், கூத்தங்குழி

அது செத்திருக்கலாம். மயக்கத்தில் இருந்திருந்தால், கடலில் போட்டதும் மூழ்கிச் செத்திருக்கும். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். சும்மா கிடக்கும்போது வெகுநேரம் மூச்சடக்கும். வலையில் சிக்கிப் போராடினால் உயிர்க்காற்று வேகமாகத் தீர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மயங்கிவிடும். அந்த நிலையில் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும், மூச்சு நின்றது போலவே தெரியும். பார்த்த மாத்திரத்தில் உயிர் இல்லை என்று முடிவு கட்ட எவராலும் முடியாது.

துடுப்புக் கால்களைப் பிடித்துத் தூக்காதீர்கள், மூட்டு விலகும். இரண்டு பேராக, கழுத்துக்குப் பின்னால் ஓட்டின் முன்விளிம்பை ஒருவர், வால் பக்கத்து விளிம்பை மற்றவர் பிடித்து ஏற்றுங்கள். வளர்ந்த பங்குனி ஆமை 35 முதல் 45 கிலோ வரை இருக்கும். வாய்க்கு நேரே விரலைக் கொண்டுபோகாதீர்கள். சுற்றிய வலைக்கண்ணிகளை அறுத்தே எடுங்கள்; இழுத்து உருவினால் கழுத்துத் தோல் கிழியும்.

வயிறு கீழே இருக்கும்படி கிடத்துங்கள். மல்லாக்கப் போடுவது நம் பக்கத்தில் பழக்கம். ஆனால் ஆமையின் நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருப்பதால், மல்லாந்தால் குடல் முதலான உறுப்புகளின் பாரம் முழுவதும் நுரையீரல் மேல் இறங்கும். பின்பக்கத்தை 15 செ.மீ., அதாவது முக்கால் சாண் உயர்த்தி, அடியில் மடித்த வலையோ பழைய டயரோ கொடுங்கள். ஆமை பெரிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம். உள்ளே போன தண்ணீர் வாய், மூக்கு வழியாக வடியத் தொடங்கும். இடையிடையே ஓட்டின் ஒரு பக்கத்தை நாலு விரல் அளவு தூக்கி இறக்கி, பிறகு மறுபக்கத்தைத் தூக்கி இறக்குங்கள். வயிற்றை அமுக்குவது, மிதிப்பது கூடவே கூடாது.

நிழல் வேண்டும். ஈரச் சாக்கோ துண்டோ ஓட்டின் மேலும் கால்களின் மேலும் போடுங்கள், மூக்குத் துளையை மட்டும் மூடாமல் விடுங்கள். தொட்டியிலோ, படகின் அடியில் தேங்கிய தண்ணீரிலோ வைக்காதீர்கள். அவ்வப்போது கண்ணிமை ஓரத்தை மெல்லத் தொட்டும், வாலைக் கிள்ளியும் பாருங்கள். இமை சுருங்கினாலோ வால் இழுத்துக்கொண்டாலோ உயிர் இருக்கிறது. சில ஆமைகள் நாலு மணி நேரத்தில் தெளியும், சிலவற்றுக்கு ஒரு பகல் ஒரு இரவு ஆகும். 24 மணி நேரம் கடந்தும் எந்த அசைவும் இல்லை என்றால்தான் இறந்தது என்று கொள்ளலாம். அதற்குள் கரை சேர்ந்துவிட்டால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ஆமையைக் கைவசம் வைத்திருப்பதே குற்றம் என்பதால், உடனே சொல்வது உங்களுக்கும் பாதுகாப்பு.

தெளிந்து தலை தூக்கி, கால் வீசத் தொடங்கியதும் விடலாம். வலை எதுவும் தண்ணீரில் இல்லாத இடத்தில், எஞ்சினை நியூட்ரலில் வைத்து, தலை முன்னே போகும்படி பக்கவாட்டில் இறக்குங்கள். அது நீந்தி விலகியதைப் பார்த்த பிறகே கியர் போடுங்கள்.

தையிலிருந்து பங்குனி வரை முட்டையிடும் ஆமைகள் கரையை ஒட்டியே திரியும். அந்த மாதங்களில் கரையோரம் விட்ட வலையை விடியும்வரை பார்க்காமல் போடுவதுதான் பெரிய கேடு. அடிக்கடி தூக்கிப் பார்த்தால் ஆமையும் பிழைக்கும், வலையும் கிழியாமல் மிஞ்சும்.

ஆயிரங்கால் தூண்டிலின் (நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டியது) முள்ளை விழுங்கிய ஆமைக்கு?
— வாசகர், பெருமணல்

முள் வாயோரத்தில் கண்ணுக்குத் தெரிந்தால், முள் நுனியின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் வெட்டிவிட்டுப் பின்பக்கமாக எடுக்கலாம். தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்கவே கூடாது. தூண்டில் நரம்பை (நைலான் இழையை) வாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் அறுத்து விடுங்கள். முள்ளைவிட, தொங்கும் நீள நரம்புதான் குடலைச் சுருட்டிக் கொல்கிறது.

இரவில் ஃபைபர் படகுக்கு மிகப் பக்கத்தில் திமிங்கிலம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. எஞ்சினை முடுக்கி ஓடிவிடுவதா, அணைத்துவிடுவதா?
— வாசகர், இடிந்தகரை

இரண்டும் வேண்டாம். வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். புரொப்பல்லர் சுற்றக் கூடாது. எஞ்சின் ஓடும் ஓசை மட்டும் இருக்கட்டும், படகு எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியும். எஞ்சின் இல்லாத வள்ளம் என்றால் துடுப்புக் கட்டையால் படகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருங்கள். திமிங்கிலம் படகைத் தேடி வந்து மோதுவது அரிது. தூங்கும்போதோ இரை தேடும்போதோ, படகு இருப்பது தெரியாமல் அடியிலிருந்து எழும்புவதில்தான் ஆபத்து. அதன் வால் ஒருமுறை திரும்பினாலே சிறு படகு கவிழும்.

எல்லோரும் தாழ உட்காருங்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தொங்கும் கயிறுகளை உள்ளே இழுத்துவிடுங்கள். பகலாக இருந்தால் தண்ணீரைக் கவனியுங்கள். அலை அடிக்கும் கடலில், எண்ணெய் ஊற்றியது போல வழவழவென்று ஒரு வட்டம் தெரிந்தால், சற்று முன் அந்த இடத்துக்குக் கீழே அது வாலை அடித்திருக்கிறது. வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால் போகும் திசை பிடிபடும். அந்தத் திசைக்குக் குறுக்கே போகாதீர்கள்.

100 மீட்டர் இடைவெளி வந்த பிறகு மெதுவாக, பக்கவாட்டில் விலகுங்கள். பின்னாலிருந்து துரத்துவதும் நேர் எதிரே போவதும் அதற்கு மிரட்டல்தான். குட்டி தெரிந்தால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே படகு ஒருபோதும் போகக் கூடாது. முங்கியதும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒரு மணி நேரம்கூட முங்கியிருக்கும்.

உங்கள் வலையிலேயே பெரிய திமிங்கிலம் சிக்கிவிட்டால், படகோடு கட்டிய கயிற்றை முதலில் அறுங்கள். வலை போனால் வாங்கலாம். இதற்காகவே உறை போட்ட கத்தி ஒன்று அணியத்தில் (படகின் முன்பகுதியில்) கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீரில் குதித்து அறுக்கப் போகவே போகாதீர்கள்.

அம்மணி உழுவை (திமிங்கிலச் சுறா) வலையில் மாட்டினால் கேஸ் வருமா?
— வாசகர், உவரி

தற்செயலாக மாட்டியதை உயிரோடு விடுகிறவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. பிடிப்பதும் அறுப்பதும் விற்பதும்தான் குற்றம். 2001 முதல் இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. உடம்பு எவ்வளவு பெரிதானாலும் சின்னஞ்சிறு மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும் சாதுவான சுறா அது.

எஞ்சினை நிறுத்தி, வலையின் மேல்கயிற்றைத் தளர்த்தி, செவுள் பக்கத்திலிருந்து பின்னோக்கி அறுத்துக்கொண்டே போங்கள். வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள்: முன்னே நீந்தும்போது செவுள் வழியாகத் தண்ணீர் ஓடித்தான் அது மூச்சு விடுகிறது, பின்னோக்கி இழுத்தால் அந்த ஓட்டம் தலைகீழாகிவிடும். குஜராத்தில் வலையை அறுத்து இதை விடுவிக்கும் மீனவருக்கு, போட்டோ ஆதாரத்தின் பேரில் அரசு இழப்பீடு தருகிறது. வலை போன குடும்பத்தின் பாரத்தை மீனவர் தலையில் மட்டும் சுமத்தாத அந்த ஏற்பாடுதான் நியாயமானது.

விளக்கு வெளிச்சத்தில் முரல் மீன் பாய்ந்து குத்துமாமே?
— வாசகி, கூட்டப்பனை

உண்மை. வெளிச்சத்தை நோக்கி நீர்ப்பரப்பில் அம்பாகப் பாயும், அலகு ஊசி போல இருக்கும். கழுத்திலும் மார்பிலும் குத்தி உயிர் போனதுண்டு. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு அணியத்தில் நிற்காதீர்கள். விளக்கைப் படகுக்குள் தாழ வைத்து, பக்கங்களை மறையுங்கள். குத்திவிட்டால் பிடுங்காதீர்கள், வெளியே நீட்டியதை அசையாமல் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வலையில் வரும் கடல் பாம்பு கடித்தால் வலிக்காது, அதனால் விஷமில்லை என்கிறார்களே?
— வாசகர், தோமையார்புரம்

வலிக்காமல் கடிப்பதால்தான் அலட்சியம் வருகிறது. அரை மணி முதல் சில மணி நேரத்தில் உடம்பு முழுக்கத் தசைவலி, தாடை இறுக்கம், இமை தொங்கல் வரும். பிறகு சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனால், சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். கடித்த கையைத் தொங்கவிட்டு ஆட்டாமல், விரலிலிருந்து மேல்நோக்கி அகலத் துணியைச் சுளுக்குக் கட்டு அளவுக்குச் சுற்றி, ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். கீறவோ உறிஞ்சவோ வேண்டாம்.

நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்புக்கு அது பொருந்தாது. ஆகவே செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரை போக நேரம் ஆகும், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். வலையிலிருந்து பாம்பை எடுக்கக் கையை நம்பாமல் நீளக் கம்பைப் பயன்படுத்துங்கள்.

மணப்பாடு பக்கம் ஒதுங்கிய திமிங்கிலங்களைத் தள்ளிவிட்டும் ஏன் திரும்பி வந்தன?
— மாணவி, ராதாபுரம்

அவை பைலட் திமிங்கிலங்கள், பிரியாத கூட்டமாக வாழ்பவை. ஒன்று கரையில் கிடந்து குரல் கொடுத்தால் மற்றவை விட்டுப்போவதில்லை. 2016 ஜனவரியில் எண்பதுக்கு மேல் ஒதுங்கி, நாற்பதுக்கு மேல் இறந்தன. 1973 ஜனவரியிலும், அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தின் இதே கரையில் 147 ஒதுங்கின. ஆகவே ஒவ்வொன்றாகத் தள்ளாமல், பிழைக்கக்கூடியவற்றை ஆழத் தண்ணீரில் ஒன்றுசேர்த்து ஒரே நேரத்தில் வெளியே ஓட்ட வேண்டும். படகில் இழுக்க நேர்ந்தால் வாலில் கயிறு போடாமல், அடியில் தார்ப்பாய் கொடுத்து இழுங்கள். கரையில் கிடக்கும்வரை நிமிர்த்தி வைத்து, துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டி, உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள். உச்சியில் உள்ள மூச்சுத் துளையில் மட்டும் தண்ணீரும் மணலும் போகக் கூடாது.

கடலில் இருந்துகொண்டு யாரை அழைப்பது?
— வாசகர், கூடுதாழை

தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. லைன் கிடைத்ததும் முதலில் ஜிபிஎஸ் எண்களைச் சொல்லுங்கள், பிறகு நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் என்பதை, அதன்பின் உயிரினத்தைப் பற்றி. பேச்சு பாதியில் அறுந்தாலும் இடம் அவர்கள் கையில் இருக்கும்.