எழுத்துக் கேள்விகள்: காட்சியும் பாத்திரமும்

கேள்வி: நிலத் தகராறில் அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்ளும் காட்சியை என் சிறுகதையில் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். வசனங்களில் அனல் பறக்கிறது. ஆனாலும் படித்தவர்கள் அலுப்பாக இருக்கிறது என்கிறார்கள். குறை எங்கே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதல் பக்கத்தில் அண்ணன் எந்த நிலையில் இருந்தாரோ அதே நிலையில்தான் ஐந்தாம் பக்கத்திலும் இருக்கிறார் என்றால், அங்கே நடந்தது சண்டை மட்டுமே, காட்சி இன்னும் தொடங்கவில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை, சொல் நயத்துக்காக அல்லாமல் அதன் கட்டுமானத்துக்காக ஒருமுறை படித்துப் பாருங்கள். கண்ணகி உள்ளே வரும்போது பாண்டியன் நீதி வழங்கும் இடத்தில் அமர்ந்திருக்கிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று தயங்காமல் சொல்கிறான். காதை முடிவதற்குள் தன்னையே கள்வன் என்று சொல்லி உயிரை விடுகிறான். இவ்வளவு பெரிய திருப்பத்தைத் தாங்கி நிற்பது சிலம்புக்குள் இருக்கும் பரல். தன் சிலம்பில் மாணிக்கம் என்கிறாள் அவள். தங்கள் சிலம்பில் முத்து என்கிறான் அவன். அதன் பிறகு வாதத்துக்கே இடமில்லை. சிலம்பு வருகிறது, அவள் உடைக்கிறாள், மாணிக்கம் அரசனின் வாயருகே தெறிக்கிறது. உங்கள் கதையிலும் ஒரு பழைய பத்திரமோ, அதிலிருக்கும் அப்பாவின் கைநாட்டோ நடுவே வந்து, இருவரில் ஒருவரை வாயடைத்து நிற்கவைக்கட்டும்.

கேள்வி: என் நாவலில் வரும் பண்ணையார் வெறும் கொடியவராகவே தெரிகிறார். நாய்க்குட்டியிடம் அவருக்குப் பிரியம் உண்டு என்று சேர்த்தால் சரியாகுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஆகாது. நாய்க்குட்டியைக் கொஞ்சுவதால் பண்ணையார் எதையும் இழக்கப்போவதில்லை. முன் பதிலில் சொன்ன பாண்டியனையே மறுபடி கவனியுங்கள். சிலம்பைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன்பே, கண்ணகி கூறியது நல்ல சொல் என்று ஒப்புக்கொண்டு, தங்கள் சிலம்பின் பரல் முத்து என்பதை அவனே சொல்லிவிடுகிறான். மறைக்க நினைப்பவன் அப்படிச் சொல்லமாட்டான். தீர ஆராயாமல் கொலைக்கு ஆணையிட்ட அவசரமும், கேட்ட மாத்திரத்தில் உண்மையைச் சொல்லும் நேர்மையும் ஒரே மனிதனிடம் இருக்கின்றன. அவனை வீழ்த்துவது அந்த நேர்மைதான். அவனைப் பொய்யனாகப் படைத்திருந்தால் கெட்டவன் ஒருவன் தோற்ற கதையாக அது சுருங்கியிருக்கும். உங்கள் பண்ணையாரிடம் உள்ள நல்ல குணம் எதுவாயினும், அதனாலேயே அவருக்கு நட்டம் வரும் இடத்தைத் தேடுங்கள்.

கேள்வி: பாத்திரத்தின் முழு வரலாற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: வைத்துக்கொள்ளலாம். அதைக் கதையின் முதல் பத்தியிலேயே கொட்டிவிடாமல் இருந்தால் போதும்.

கேள்வி: மேடை நாடகத்தில் பாத்திரங்கள் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால், பின்வரிசையில் இருப்பவருக்கு எப்படிப் புரியும்? (வாசகர், சென்னை)

பதில்: 1904-இல் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக மேடையேறிய, ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தின் கடைசி அங்கத்தில் இதற்கு விடை இருக்கிறது. அந்த வீட்டு வளர்ப்பு மகள் வார்யாவை மணக்கக் கேட்கும்படி வணிகன் லோபாஹினிடம் சொல்கிறார்கள். அவனும் இப்போதே கேட்டுவிடுவதாக ஒப்புக்கொள்கிறான். வார்யா வந்து, மூட்டை முடிச்சுகளில் எதையோ தேடுவதுபோல் நிற்கிறாள். இனி எங்கே போவாள் என்று கேட்கிறான். பிறகு வெளியே மூன்று டிகிரி உறைபனி என்கிறான். வெப்பமானி உடைந்திருக்கிறது என்கிறாள் அவள். வெளியிலிருந்து யாரோ அழைக்க, அதற்காகவே காத்திருந்தவன்போல் அவன் ஓடிவிடுகிறான். திருமணம் என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை. ஆனால் அவன் எதற்காக வந்தான் என்பது சற்று முன்புதான் வெளிப்படையாகப் பேசப்பட்டிருப்பதால், பின்வரிசைக்காரருக்கும் ஒன்றும் விளங்காமல் போகாது. நம் நாடகங்கள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது: நோக்கத்தை மறைத்து வைத்துவிட்டு, உணர்ச்சியை மட்டும் ஒலிபெருக்கியில் கத்துகிறார்கள். பாத்திரம் எதை விரும்பி வருகிறது என்பதை முந்தைய காட்சியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குரிய காட்சியில் அவர்கள் வானிலையைப் பற்றிப் பேசினாலும் நாடகம் நடக்கும்.