ஐம்பத்தைந்து வயதில் வரும் சேமநிதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் டிராக்டர் ஓட்டுகிறார். இன்னும் மூன்று மாதத்தில் அவருக்கு 55 வயது நிறைகிறது. ஊழியர் சேமநிதியில் 96,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. அதை எடுத்து லோரி வாங்கலாம் என்கிறான் மூத்த மகன். தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வாங்கிய பழைய வீட்டைச் செப்பனிட வேண்டும் என்கிறார் கணவர். அவருடைய தம்பியோ, ஒரு திட்டத்தில் போட்டால் மாதம் ஐந்து விழுக்காடு கிடைக்கும் என்கிறார். எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது. நான் பயப்படுவது தவறா?
(குடும்பத் தலைவி, சுங்கை சிப்புட்)

பதில்: தவறே இல்லை, அம்மா. வீட்டில் ஒருவராவது பயப்படுவது நல்லது.

முதலில் உங்கள் கொழுந்தனார் சொல்லும் திட்டத்தைப் பார்த்துவிடுவோம். மாதம் ஐந்து விழுக்காடு என்றால் ஆண்டுக்கு அறுபது விழுக்காடு. மலேசியாவின் மிகப் பெரிய ஓய்வுக்கால நிதியாகிய சேமநிதி வாரியமே 2023இல் 5.50 விழுக்காடும் 2024இல் 6.30 விழுக்காடும்தான் இலாப ஈவு கொடுத்தது. அதைப் போல் பத்து மடங்கு தருவதாகச் சொல்பவர், பின்னால் சேர்பவரின் பணத்தை எடுத்துத்தான் முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். உரிமம் இல்லாமல் பணம் திரட்டுவோரைப் பற்றி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது. கொழுந்தனாருடன் உட்கார்ந்து அதைப் பாருங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் பணம் போடாதீர்கள்.

மற்ற இரண்டும் நேர்மையான ஆசைகள். அவற்றுக்கு மறுமொழி சொல்லும் முன் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். இதைக் கணவருக்கும் மகனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இலாப ஈவு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு என்று சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்வோம். 96,000 வெள்ளியை அங்கேயே வைத்துவிட்டு, 55 வயதிலிருந்து மாதம் 800 வெள்ளி எடுத்தால், ஏறக்குறைய 14 ஆண்டுகளில், அதாவது உங்கள் கணவருக்கு 69 வயது ஆகும்போது, கணக்கு காலியாகிவிடும். அதே பணத்தை ஐந்து ஆண்டுகள் தொடாமல் விட்டால், 60 வயதில் அது 122,500 வெள்ளியை எட்டும். அப்போதிலிருந்து அதே 800 வெள்ளியை எடுத்தால் 80 வயது தாண்டியும் வரும். ஐந்தாண்டுப் பொறுமை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுச் சோற்றுக்கு வழி செய்கிறது. நம் நாட்டில் பிறக்கும் ஒருவரின் சராசரி ஆயுள் சுமார் 75 என்று கேட்டுவிட்டு, ‘அதற்கு மேல் எதற்குப் பணம்?’ என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சராசரியில் இளமையில் இறந்தவர்களும் அடக்கம். அறுபதைத் தாண்டியவர் எண்பதைப் பார்ப்பது இன்று அரிதன்று. பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதால், அந்தப் பணம் இல்லாத நாள்களைத் தனியாகச் சந்திக்கப் போகிறவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அந்த ஐந்து ஆண்டுகளுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 2013 ஜூலை முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஐம்பத்தைந்து சேமநிதியை எடுக்கக்கூடிய வயது மட்டுமே. வேலையை விடவேண்டிய வயது அன்று. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணி, வயது வந்தவுடன் வேலையையும் விட்டுப் பணத்தையும் எடுத்தவர்களைத் தோட்டந்தோறும் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவர் உடல்நலத்தோடு வேலையைத் தொடர்ந்தால், அவருடைய 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் புதியதொரு கணக்கில் சேரும். 60 வயது வரை அதைத் தொட முடியாது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கே அது மாதம் 408 வெள்ளி, ஐந்து ஆண்டுகளில் ஈவு சேராமலே 24,000 வெள்ளிக்கு மேல்.

நான் பிறந்து வளர்ந்ததும் தோட்டத்தில்தான். பால்மரம் வெட்டிய என் தந்தையார் 55 வயதில் பணம் முழுவதையும் எடுத்தார். அக்காவின் திருமணம், கோயில் திருப்பணி, உறவுக்காரர் ஒருவருக்குக் கைமாற்று என்று அது போயிற்று. ஒரு காசுகூட வீணாகச் செலவாகவில்லை. குடிப்பழக்கமும் அவருக்கு இல்லை. ஆனாலும் ஆறாம் ஆண்டில் அவர் பள்ளிக்கூடமொன்றில் இரவுக் காவலுக்குப் போனார். மொத்தமாகக் கையில் இருக்கும் பணம் ஊருக்கே தெரியும். கேட்பவர்கள் எல்லாரும் வேண்டியவர்கள். இல்லை என்று சொல்ல நல்ல மனிதருக்கு நா எழாது. மாதச் சம்பளத்தை மட்டும் யாரும் அப்படி வந்து கேட்பதில்லை.

பொருளாதார அறிஞர்களும் இதைப் பற்றி நெடுநாளாக ஆராய்ந்து வருகிறார்கள். எவ்வளவு காலம் வாழ்வோம் என்பது தெரியாத மனிதனுக்கு, சேமிப்பை ஆயுள் முழுவதும் வரும் மாதத் தொகையாக மாற்றிக்கொள்வதே சிறந்தது என்று மெனாகெம் யாரி 1965இல் கணக்கிட்டுக் காட்டினார். இருந்தும், தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்த பல நாடுகளில் மக்கள் மொத்தத் தொகையையே விரும்புகிறார்கள். ஏன் இப்படி என்பது இன்றும் ஆய்வுக்குரிய புதிராக இருக்கிறது. சிங்கப்பூர் 2009இல் தன் மத்திய சேமநிதியில் ஆயுள் முழுவதும் மாதத் தொகை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நம் சேமநிதி 1951 முதல் பெரும்பாலும் மொத்தமாகவே கொடுத்து வருவதால், சம்பளமாக மாற்றும் வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். வாரியம் அதற்கு வழி வைத்திருக்கிறது: 55க்குப் பிறகு ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம், மாதந்தோறும் எடுக்கலாம், எடுக்காமல் விட்டதற்கு ஈவும் தொடர்ந்து வரும். இந்த முடிவைப் பிறந்தநாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பணம் வங்கிக்கு வந்தபின் எடுக்கும் முடிவில் நிதானம் இருக்காது.

வீட்டு விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வேலை முடிந்தால் லயத்தைக் காலிசெய்ய வேண்டிய குடும்பத்துக்குச் சொந்தக் கூரையும் ஓய்வுக்காலச் சேமிப்புதான். கூரை ஒழுகல், மின்கம்பி, கழிவறை ஆகியவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்று இரண்டு குத்தகைக்காரரிடம் விலை கேட்டு, அதை மட்டும் எடுங்கள். எடுத்த தொகைக்கு ஏற்ப, நான் மேலே சொன்ன கணக்கும் சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம். புதுத் தரைக்கல்லும் முன்வாசல் கூடாரமும் காத்திருக்கட்டும்.

லோரி வேண்டாம். உங்கள் மகனுக்கு உழைக்க முப்பது ஆண்டுகள் முன்னே இருக்கின்றன. தொழில் நொடித்தாலும் அவர் எழுந்துவிடுவார். அவர் தம் பெயரில் தவணைக்கு வாங்கட்டும். நீங்கள் பிணைக் கையெழுத்தும் போடாதீர்கள். சேமநிதியில் இருக்கும் வரை அந்தப் பணத்தைக் கடன்காரர் பறிமுதல் செய்ய முடியாதபடி சட்டம் காக்கிறது. வெளியே எடுத்த பணத்துக்கு அந்தக் காவல் இல்லை.

கேள்வி: எனக்கு 25 வயது. தொழிற்சாலையில் 2,000 வெள்ளி சம்பளம். சேமநிதியின் மூன்றாவது கணக்கில் சேரும் பணத்தை நண்பர்கள் மாதாமாதம் எடுத்துவிடுகிறார்கள். நானும் எடுத்தால் என்ன?
(இளைஞர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, 2024 மே மாதம் முதல் உங்கள் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு இரண்டாவது கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்குக்கும் போகின்றன. உங்கள் சம்பளத்துக்கு அது மாதம் 48 வெள்ளி. ஐந்து விழுக்காடு ஈவில் முப்பது ஆண்டுகள் விட்டுவைத்தால் ஏறக்குறைய 38,000 வெள்ளி. மருத்துவமனைச் செலவுக்கோ வேலை போன மாதத்துக்கோ எடுங்கள். அந்தக் கணக்கு அதற்காகத்தான். கைப்பேசியிலிருந்து சேமநிதிச் செயலியை அகற்றிவிடுவது நல்லது. எடுப்பதற்குச் சிறிது சிரமம் இருந்தாலே பெரும்பாலோர் எடுக்கமாட்டார்கள்.

உங்கள் வயதினருக்கு நான் விரும்பிச் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்டது. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் தொழிலாளர்களிடம், இன்றைய சம்பளத்தில் கை வைக்காமல், இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பங்கைச் சேமிப்புக்கு ஒதுக்கச் சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. கைக்கு வந்து பழகாத பணத்தை இழப்பதாக மனம் உணர்வதில்லை. அடுத்த உயர்வு 100 வெள்ளியாக இருந்தால், அது வரும் முன்பே 40 வெள்ளியைத் தானாக வெட்டிக்கொள்ளும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தோட்ட வேலையை விட்டுத் தோசைக்கடை வைத்திருக்கிறேன். வயது 47. எனக்கு முதலாளி இல்லை. கூட்டு (சீட்டு) கட்டித்தான் சேமிக்கிறேன். இது போதுமா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: போதாது, சகோதரி. கூட்டு நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1971லேயே வந்துவிட்டது. நம்முடைய ‘கூட்டு’ என்ற சொல்லே அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கிறது. கூட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் பணத்தை மீட்பது கடினம். சேமநிதியில் ஐ-சாரான் என்ற திட்டத்தில் நீங்களே சந்தா கட்டலாம். 60 வயதுக்கு உட்பட்டவர்கள் கட்டும் தொகைக்கு அரசு 2025 முதல் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, ஊக்கத்தொகை தருகிறது. மாதம் 50 வெள்ளி கட்டினால் ஆண்டுக்கு 120 வெள்ளி அரசின் பங்காகச் சேரும்.

அலுவலகத்துக்குப் போகும் அன்றே, தோட்டத்தில் வேலை பார்த்தபோது வாரிசாக யாரைக் குறிப்பிட்டீர்கள் என்றும் கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, அந்தப் படிவத்தில் பெயர் உள்ளவருக்கே பணம் சேரும். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய பெயருக்கு உரியவர் இன்று உயிரோடு இல்லையென்றால், அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோய் அன்றைக்கே மாற்றி எழுதிவிடுங்கள்.