மிஸ் மார்ப்பிள் நாவல்களை எந்த வரிசையில் படிக்கலாம்?

துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளை வைத்து அகதா கிறிஸ்டி எழுதிய நாவல்கள் மொத்தம் 12. ஒவ்வொன்றும் தனி வழக்கு என்பதால் பெரும்பாலும் எதிலிருந்தும் தொடங்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை.

'நெமசிஸ்' (1971) நாவலுக்கு முன்பு 'எ கரீபியன் மிஸ்டரி' (1964) படித்துவிடுங்கள். 'நெமசிஸ்' நாவலில் வழக்கை ஒப்படைக்கும் ரேஃபியல் யார், மார்ப்பிளை ஏன் அவ்வளவு நம்புகிறார் என்பது 'எ கரீபியன் மிஸ்டரி'யில்தான் இருக்கிறது.

'ஸ்லீப்பிங் மர்டர்' 1976-ல் வெளியானதால் பலர் அதைக் கடைசிக் கதை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது 1940-களிலேயே எழுதி வைக்கப்பட்டது. அதனால்தான் 1962-ல் வந்த 'தி மிரர் கிராக்ட்' நாவலில் இறந்துபோயிருக்கும் மார்ப்பிளின் நண்பர் கர்னல் பான்ட்ரி 'ஸ்லீப்பிங் மர்டர்' நாவலில் உயிரோடு இருக்கிறார். அதை 1950-ல் வந்த நாவலுக்கு முன்பே வைத்துப் படித்தால் குழப்பம் வராது.

முதல் நாவல் 1930-ல் வந்த 'தி மர்டர் அட் தி விகாரேஜ்'. ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு நான் சொல்வது 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' (1950). ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6.30-க்கு இன்ன வீட்டில் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அக்கம்பக்கத்தார் விளையாட்டு என்று நினைத்துக் கூடுகிறார்கள். விளக்கு அணைகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. தடயங்கள் எல்லாம் வாசகர் கண்முன்னேதான் இருக்கின்றன. அந்த அறையின் மேசை விளக்கைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். அவ்வளவு நேர்மையான புதிர் இது!

'தி மூவிங் ஃபிங்கர்' நல்ல நாவல்தான். ஆனால் மார்ப்பிள் வெகு தாமதமாகத்தான் வருவார், எனவே முதலில் எடுக்க வேண்டாம்.