காஸுக்கு மாற்றிய டர்போ வான், ஓட்டை விழுந்த பிஸ்டன்: கராஜிடம் நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: ஐயா, உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் டர்போ பூட்டிய பழைய டொயோட்டா டவுன்ஏஸ் டீசல் வான் இருக்கிறது. நிலாவெளி, கன்னியா, கோணேஸ்வரம் என்று சுற்றுலா வருபவர்களை ஏற்றி ஹயர் ஓடுவேன். டீசல் செலவு கட்டுப்படியாகாமல் டவுனில் ஒரு கராஜில் கேட்டேன். "முழுசா காஸுக்கு மாத்தித் தாறம், செலவு பாதியாக் குறையும்" என்றார்கள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் பேசி, ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டினேன். எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியதுதான். வேலை முடித்து வண்டியைத் தந்து இரண்டு மாதம் ஆகிறது. இடையில் எஞ்சின் தட்டும் சத்தம் கேட்டது. சொன்னபோது "பயப்பிடாம ஓடுங்கோ" என்று குரல்பதிவு அனுப்பினார்கள். போன வாரம் கந்தளாய் தாண்டி ஆட்களோடு போகும்போது எஞ்சின் நின்றுவிட்டது. அதே கராஜுக்கு இழுத்துப் போனேன். பிஸ்டன் ஓட்டையாம். "காஸ் தரமில்லை, எங்கட பிழை இல்லை, மிச்சக் காசைக் கட்டினால்தான் வண்டி" என்கிறார்கள். படங்கள் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

பதில்: கேட்கலாம். ஆனால் உங்களுக்கு நாட்கள் குறைவு. அதோடு உங்கள் பக்கமும் திருத்திக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன.

முதலில் அந்தப் பிஸ்டனைக் காப்பாற்றுங்கள். ஓட்டை விழுந்த பிஸ்டன், கழற்றிய ஹெட் (எஞ்சினின் மேல்மூடி), காஸ் குழாய் எல்லாம் இப்போது கராஜ்காரரின் கையில் இருக்கின்றன. நாளைக்கே பழைய இரும்போடு போனால் உங்கள் வழக்கின் பாதி போய்விடும். இன்றே எழுத்தில் அனுப்புங்கள்: "கழற்றிய பாகங்கள் எதையும் எறியவோ மாற்றவோ வேண்டாம், என் பொறியியலாளர் பார்க்கும்வரை அப்படியே வையுங்கள்." வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பிறகு வாகனத் துறை தெரிந்த, அந்தக் கராஜோடு தொடர்பில்லாத ஒரு பொறியியலாளரைக் கூட்டிப்போய் அறிக்கை எடுங்கள். நீதிமன்றத்தில் என் வாதத்தைவிட அந்த அறிக்கைதான் அதிகம் பேசும்.

நீங்கள் அனுப்பிய படங்களே நிறையச் சொல்கின்றன. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பற்றவைக்கிற எஞ்சின் அது. முழுக்க காஸில் ஓட வேண்டுமென்றால் பிளக் வேண்டும், அதில் பொறி வரவைக்கும் இக்னிஷன் வேண்டும், அந்த அழுத்தும் அளவை, அதாவது கம்ப்ரெஷனைக் குறைக்க ஹெட்டிலோ பிஸ்டனிலோ வேலை செய்ய வேண்டும். படத்தில் அதில் ஒன்றும் இல்லை. டர்போவுக்கு முன்னால் ஏர் கிளீனர் குழாயில் துளை போட்டு ஒரு ஹோஸ் செருகியிருக்கிறார்கள். அதன் மறுமுனையில், பின் சீட்டுக்குப் பின்னால், டியூப் ரப்பரால் கட்டிய 12.5 கிலோ சமையல் சிலிண்டர். ஆகவே உங்கள் வான் முழுசாக காஸுக்கு மாறவே இல்லை. டீசலோடு காஸையும் சேர்த்துக் குடித்திருக்கிறது.

டீசலோடு அளவாக காஸ் சேர்த்து ஓட்டும் முறை உலகில் இருக்கிறதுதான். அங்கே எஞ்சினின் பாரத்துக்கு ஏற்ப காஸைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு இருக்கும். உங்கள் வானில் இருப்பது கையால் திருகும் ஒரு வால்வு. ஆட்களை ஏற்றி, ஏசி போட்டு, டர்போ காற்றை அமுக்கும் நேரத்தில் காஸ் மிஞ்சினால் அது நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். நீங்கள் கேட்ட தட்டல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பொறியியலாளர் இதை உறுதிப்படுத்தினால் உங்கள் கை ஓங்கிவிடும்.

"காஸ் தரமில்லை" என்ற அவர்களின் சாட்டு அவர்களையே திருப்பிக் குத்தும். நம் நாட்டுச் சமையல் காஸ் தனிப் புரொப்பேன் அல்ல, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் புரொப்பேனைவிடச் சீக்கிரம் தட்டும். 2021 கடைசியில் வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்தபோது இந்தக் கலவை விகிதம் பற்றி நாடே பேசியது. காஸ் வேலைக்குப் பணம் வாங்குகிற கராஜ், தான் பூட்டிய சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது என்றால், அதுவே கவனயீனம். இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில், திறமை தேவைப்படும் வேலையைத் திறமையில்லாமல் ஏற்றுச் செய்வதும் கவனயீனமாகவே கொள்ளப்படும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் இதையே சொல்கிறது. தொழிலாகச் சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறனோடும் செய்வார், பூட்டும் பொருட்கள் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்கும் என்ற உத்தரவாதம், யாரும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது.

வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பற்றி. வேலை செய்த கராஜுக்கு, கூலி வரும்வரை வண்டியைக் கையில் வைத்திருக்கும் உரிமை பொதுவாக உண்டு. அதனால் இரவோடு இரவாகப் போய் இழுத்து வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், வீண் வழக்கு உங்கள் மேல் வரும். ஆனால் பேசிய வேலையைச் செய்யாதவர் பேசிய கூலி முழுவதையும் கேட்க முடியாது. வண்டியை ஓட்டவோ, பாகம் கழற்றி விற்கவோ அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. மிச்ச அறுபதாயிரத்துக்கு நீதிமன்றத்தில் பிணை வைத்து வண்டியை விடுவிக்கக் கேட்கவும் வழி இருக்கிறது. பொலிசுக்குப் போனால் பெரும்பாலும் இது சிவில் பிரச்சினை என்று திருப்பி அனுப்புவார்கள்.

இனி உங்கள் பக்கம். இதை மறைக்காமல் சொல்வதுதான் உங்களுக்கு நல்லது. பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகை டீசல் என்றுதான் இன்னும் இருக்கிறது. அதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி, புத்தகத்தில் பதிய வேண்டும். நீங்கள் செய்யவில்லை. அதனால் கராஜ் மேல் உங்களுக்குள்ள உரிமை இல்லாமல் போகாது. அவர்கள் கெடுத்த வேலை வேறு, நீங்கள் அறிவிக்காதது வேறு. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

இன்ஸூரன்ஸ் விஷயம்தான் எனக்கு உண்மையில் பயம் தருகிறது. எஞ்சின் உள்ளே உடைந்ததற்குச் சாதாரண வாகனக் காப்புறுதி எப்படியும் பணம் தராது. ஆனால் அந்த ஹோஸ் கழன்று, ஆட்கள் இருக்கும்போது வண்டி பற்றியிருந்தால்? வாகனத்தில் செய்த பெரிய மாற்றத்தைச் சொல்லவில்லை என்று கம்பனி கைவிரித்திருக்கும். காற்றைவிடப் பாரமான காஸ் அது, கசிந்தால் சீட்டுக்கு அடியில் தேங்கி நிற்கும். வாகனத்துக்கென்று செய்த தாங்கியில் எண்பது வீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு, குழாய் அறுந்தால் தானாக மூடும் வால்வு எல்லாம் உண்டு. அடுப்புச் சிலிண்டரில் அந்த ஏற்பாடுகள் கிடையாது. திருகோணமலை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வானுக்குள் அதை வைத்திருந்தீர்கள். தயவுசெய்து யார் என்ன சொன்னாலும் அந்தச் சிலிண்டரை மறுபடி பூட்ட விடாதீர்கள். உயிர்ச்சேதம் நடந்திருந்தால், கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் சாரதியான நீங்களும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

வான் தனியார் பாவனைக்கென்று பதிந்ததா, ஹயருக்கென்றா என்று நீங்கள் எழுதவில்லை. தனியார் என்றால், ஓடாத நாட்களின் ஹயர் வருமானத்தை நட்டமாகக் கேட்பது கஷ்டம். கட்டிய பணம், எஞ்சின் திருத்தச் செலவு, வண்டி இழுத்த கூலி, பொறியியலாளர் கட்டணம் ஆகியவற்றோடு நிற்பதே புத்தி.

எங்கே போவது? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க, சேவை தந்த நாளில் இருந்து மூன்று மாதம்தான் அவகாசம். உங்களுக்கு அதில் ஒரு மாதம் மிச்சம். 1977க்கு அழைத்துக் கேளுங்கள், ஆனால் அழைப்போடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்துப் பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம் மத்தியஸ்த சபை. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்குகளில், அங்கே போய் இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நேரே வழக்குப் போட முடியாது. உங்கள் தொகை அதற்குள் வரக்கூடும். பலர் அதை வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஊருக்குள் பெயர் கெடும் என்ற யோசனை உள்ள கராஜ்காரர் அங்கே இறங்கி வருவதுண்டு. அதுவும் சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழிக்கு மூன்று, கவனயீனத்துக்கு இரண்டு. வாட்ஸ்அப் பேச்சு எழுத்தாகுமா என்று வாதாட இடமுண்டு. நீங்கள் அந்த வாதத்தை நம்பியிராமல், இரண்டு வருடம்தான் என்று வைத்து நடங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அவற்றைச் சாட்சியமாக முன்வைக்கலாம். "முழுசா காஸுக்கு" என்ற வாக்கும், தட்டல் சத்தத்தைச் சொன்ன பிறகு வந்த "பயப்பிடாம ஓடுங்கோ"வும் உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான இரண்டு துண்டுகள். சத்தம் கேட்டும் ஓட்டினீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அந்தக் குரல்பதிவே பதில். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேளுங்கள், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

பேசித் தீர்க்க முன்வந்து "வேற எஞ்சின் போட்டுத் தாறம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். எஞ்சின் மாறினால் இலக்கமும் மாறும், அதையும் புத்தகத்தில் பதிய வேண்டும். அதற்கு அந்த எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டும், இறக்குமதி செய்ததென்றால் சுங்க ஆவணப் பிரதியும் தேவைப்படும். அவை இரண்டும் கைக்கு வராமல் இணக்கப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். டீசலுக்கே திருப்பித் தர வேண்டும், காஸ் குழாய் போட்ட துளை உள்ள பாகத்தை மாற்றித் தர வேண்டும், எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.