அளந்துவிட்டு எழுதுங்கள்: ஆர்எக்ஸ்-7 கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி மாஸ்டாவின் எஃப்டி ஆர்எக்ஸ்-7 பற்றியவை. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுற்றும் ரோட்டரி என்ஜின், அதில் இரண்டு டர்போ. 1991 கடைசியில் ஜப்பானில் வந்து 2002-இல் நின்றுபோன வண்டி. கடைசியாக வந்ததற்கே இருபது வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் ரப்பர் ரப்பராக இருக்காது, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காக இருக்காது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு பேர், "வண்டி இழுக்கவில்லை, என்ன செய்யலாம்?" என்று மொட்டையாக எழுதியிருக்கிறார்கள். எந்த வருஷத்து வண்டி, எந்த ஆர்பிஎம்மில் இழுக்கவில்லை, பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) எவ்வளவு காட்டுகிறது என்று ஒன்றும் இல்லை. அவர்களுக்கு என் பதில் தலைப்பிலேயே இருக்கிறது.

ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ஜின் ஆயில் குறைகிறது. என்ஜின் போய்விட்டதா? (ஈப்போ)

இல்லை. ரோட்டாரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் காய்ந்துபோகாமல் இருக்க, ஆயில் மீட்டரிங் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தால் ஊற்றுங்கள். குறையவே இல்லை என்றால்தான் எனக்கு எழுத வேண்டும்.

4500 ஆர்பிஎம் வரை நன்றாக ஓடுகிறது. அதற்கு மேல் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் செத்துவிடுகிறது. இரண்டாவது டர்போ போய்விட்டது, இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ போடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா? (கிள்ளான்)

இதே கடிதம் வருஷத்துக்கு நாலு தடவை வருகிறது. ஊர் மாறுகிறது, மெக்கானிக் மாறுகிறார், தீர்ப்பு மட்டும் மாறுவதில்லை.

தம்பி, முதலில் பூஸ்ட் மீட்டர் இருக்கிறதா? 1999-க்கு முந்தைய வண்டிகளின் கம்பெனி டாஷ்போர்டில் அது கிடையாது. மீட்டர் இல்லாமல் டர்போவைப் பற்றிப் பேசுவது தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்சலைப் பற்றிப் பேசுவது மாதிரி. ஒன்று மாட்டிக்கொண்டு, ஆளில்லாத நேரான ரோட்டில் மூன்றாவது கியரில் 2500-இலிருந்து முழுசாக மிதியுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து எண்களை எழுதட்டும். ஆரோக்கியமான வண்டி (சதுர அங்குலத்துக்கு) 10 பவுண்ட் காட்டும், 4500 வாக்கில் ஒரு கணம் 8-க்கு இறங்கும், திரும்ப 10-க்கு ஏறும். இதைத்தான் பத்து-எட்டு-பத்து என்கிறோம். உங்கள் வண்டி எந்த இடத்தில் இந்தக் கணக்கிலிருந்து விலகுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

4500-க்குக் கீழே முதல் டர்போ மட்டுமே வேலை செய்யும். அதன் பிறகு டர்போ கன்ட்ரோல் வால்வு திறந்து, எக்ஸாஸ்ட் முழுசாக இரண்டாவதுக்கும் போகும். சார்ஜ் ரிலீஃப் வால்வு மூடும், சார்ஜ் கன்ட்ரோல் வால்வு திறக்கும், இரண்டாவது டர்போவின் காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் வரும். இத்தனை கதவுகளையும் திறந்து மூடுவது சோலினாய்டுகளும் (மின்சாரத்தில் வேலை செய்யும் குட்டி வால்வுகள்), விரல் பருமன்கூட இல்லாத ஹோஸ்களும்தான். கீழே பத்து, மேலே மூன்று நாலு என்றால் பெரும்பாலும் டர்போ நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் காற்று மூடிய கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறது, இல்லையென்றால் ரிலீஃப் வழியாக வெளியே ஓடுகிறது. கீழே மந்தமாக இருந்து 4500-க்கு மேல் சரியாகிவிட்டால் அது வேறு கதை. டர்போ கன்ட்ரோல் வால்வு எப்போதும் திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள்.

மேல் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால் அடியில் சோலினாய்டு ராக் இருக்கும். பக்கத்திலேயே டர்போ, முப்பது வருஷச் சூடு. அந்த ஹோஸ்களை வளைத்தால் வடகம் மாதிரி ஒடியும். கைப்பம்பு ஒன்று வாங்குங்கள். வால்வை அசைக்கும் ஒவ்வொரு ஆக்சுவேட்டரிலும் மாட்டி, அது எதில் வேலை செய்கிறதோ அதற்கேற்பக் காற்றை இழுத்தோ அழுத்தியோ, முள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். ஒவ்வொரு சோலினாய்டுக்கும் 12 வோல்ட் கொடுத்து 'டக்' சத்தம் கேட்கிறதா, வாயால் ஊதினால் வழி மாறுகிறதா என்று பாருங்கள். செக் வால்வு ஒரு பக்கம் மட்டும்தான் ஊத வேண்டும். இரண்டு பக்கமும் ஊதினால் குப்பைக்கு.

ஹோஸ் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழையதைக் கழற்றி, அந்த இடத்திலேயே புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, அப்புறம் படம் பார்த்து மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, பூஸ்ட் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் வேஸ்ட்கேட்டுக்கும், இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுற்றவிடும் ப்ரீ-கன்ட்ரோலுக்கும் போகும் பழைய ஹோஸ்களுக்குள் பொடிப்பொடியான துளை போட்ட அடைப்பான் இருக்கும். அதை எடுத்துப் புது ஹோஸில் போட மறந்தால் பூஸ்ட் கணக்கே கெட்டுவிடும். இதை இந்தப் பக்கத்தில் பத்தாவது தடவையாகச் சொல்கிறேன்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு வெள்ளை வண்டி என்னிடம் வந்தது. மூன்று பட்டறை பார்த்தாகிவிட்டது, டர்போ இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. வண்டிக்காரர் மனைவியின் நகை அடகில் இருந்தது. கோளாறு என்ன தெரியுமா? யாரோ ஒரு செக் வால்வைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். சுண்டுவிரல் அளவு சாமான். திருப்பி மாட்ட அரை நிமிஷம், அது இருக்கும் இடத்தை எட்ட அரை நாள்.

ஒற்றை டர்போ போடுவது பாவமில்லை. பந்தயத்துக்குப் போகிறவன் போடட்டும், அதற்கேற்ற பெட்ரோல், இன்ஜெக்டர், ட்யூனிங் எல்லாவற்றுக்கும் காசு வைத்துக்கொண்டு போடட்டும். ஹோஸ் ஒடிந்த காரணத்துக்காகப் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறோம். கழற்றிய இரட்டை டர்போவை அதே மெக்கானிக் யாருக்கு என்ன விலைக்கு விற்கிறார் என்றும் கொஞ்சம் விசாரியுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 3000 ஆர்பிஎம்மில் கத்துகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்குகிறது. 1993, கனடாவிலேயே விற்ற இடதுகை வண்டி. (மார்க்கம்)

கோளாறில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக்கைச் சீக்கிரம் சூடாக்க அப்படி வைத்திருக்கிறார்கள். இருபது விநாடிக்கு மேல் இறங்காமல் நின்றால் எழுதுங்கள்.

கம்ப்ரஷன் பார்த்தாகிவிட்டது, இரண்டு ரோட்டாரும் நன்றாக இருக்கிறது என்று பட்டறையில் சொன்னார்கள். ஆனால் என்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. (ஜொகூர் பாரு)

என்ஜின் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்பதை எந்தக் கருவியால் பார்த்தார்கள் என்று கேட்டீர்களா? சாதாரண பிஸ்டன் என்ஜின் கேஜ் என்றால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஒரு ரோட்டாருக்கு மூன்று முகம். சாதாரண கேஜ் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகம் நன்றாக இருந்து மற்ற இரண்டும் செத்திருந்தாலும் 'நன்று' என்றுதான் காட்டும்.

ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் ஆறு எண்கள் தனித்தனியாக வர வேண்டும், 250 ஆர்பிஎம்முக்குச் சமன் செய்து. என்ஜின் சூடாக இருக்கட்டும், த்ராட்டில் முழுசாகத் திறந்திருக்கட்டும், பேட்டரி நல்லதாக இருக்கட்டும். சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோவுக்குப் பக்கம் வந்தால் சந்தோஷம், 7 என்றால் ஓட்டலாம், 6-க்குக் கீழே என்றால் காசு சேர்க்க ஆரம்பியுங்கள். அந்தக் கருவி கிடைக்கவில்லையா, சாதாரண கேஜிலேயே காற்றைப் பிடித்து வைக்கும் வால்வை எடுத்துவிட்டு முள் துள்ளுவதைப் பாருங்கள். மூன்று துள்ளலும் ஒரே உயரமா என்பது மட்டும் தெரியும், அதுவே பாதி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகம் சேர்ந்து விழுந்தால் அபெக்ஸ் சீல். ஏனென்றால் ஒரு சீல் இரண்டு முகத்துக்கும் பொதுச் சுவர். ஆறும் சமமாகக் குறைந்தால் வெறும் தேய்மானம்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததே கம்ப்ரஷன் குறைவுக்குப் பழைய அறிகுறி. மறுபடி அளந்துவிட்டு எழுதுங்கள்.

என் 1992 வண்டிக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்? (சிங்கப்பூர்)

ஒன்றும் வாங்காதீர்கள். அந்தக் காலத்து வண்டியில் ஸ்கேனரை மாட்டும் ஓபிடி-2 சாக்கெட்டே கிடையாது.

டாஷ்போர்டில் சூட்டு முள் நடுவிலேயே இருக்கிறது, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. ஒழுகலும் தெரியவில்லை. (மெல்பர்ன்)

அந்த முள் ஒரு பொய்யன். 80 டிகிரியிலும் நடுவில் நிற்கும், 105-லும் நடுவில் நிற்கும். அது நகர ஆரம்பிக்கும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும். தனி மீட்டர் மாட்டுங்கள். 100-ஐத் தாண்டினால் மிதியிலிருந்து காலை எடுங்கள், 110 என்றால் ஓரங்கட்டுங்கள்.

இந்த என்ஜின் ஐந்து துண்டுகளை அடுக்கி நீள போல்ட்டால் இறுக்கிய சாண்ட்விச். மூன்று இரும்பு, இரண்டு அலுமினியம். சூடு ஏறினால் இரண்டும் ஒரே அளவில் விரியாது. நடுவில் இருக்கும் கூலன்ட் சீல்தான் அடி வாங்கும்.

முதலில் மலிவானதைப் பாருங்கள். கூலன்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா தையலில் வெடிக்கும். சூட்டில் மட்டும் கசிந்து, ஆவியாகி, தடமே வைக்காது. அலுமினியத்தில் கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள். மூடி இரண்டு உண்டு. பிரஷர் மூடி டப்பாவுக்கு, வால்வு இல்லாத மூடி கூலன்ட் ஊற்றும் வாய்க்கு. மாற்றி மாட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், பட்டறைக்காரர்களே.

அப்புறமும் குறைந்தால், என்ஜின் ஆறிய பிறகு ஊற்றும் வாயைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரம் குமிழி வந்து நின்றால் உள்ளே சிக்கிய காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், காலை ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் சேர்ந்தால், கூலன்ட் சீல் போய்விட்டது. என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். அடைப்பு மருந்து ஊற்றலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

ஜாமில் சரியாக இருக்கிறது, ஹைவேயில்தான் சூடாகிறது. (லண்டன்)

அடித்தட்டு இருக்கிறதா பாருங்கள். பம்பரின் வாய் வழியாக வரும் காற்றை ரேடியேட்டருக்குத் திருப்புவது அதுதான். ஆயில் மாற்றும்போது கழற்றிவிட்டு, "நாலு போல்ட் காணோம்" என்று மூலையில் சாய்த்து வைத்திருப்பார்கள். ஜாமில் மட்டும் சூடானால் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும், உங்களுடையது அது இல்லை.

ஸ்டார்ட் செய்தவுடன் பெட்ரோல் வாடை வருகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. அடுத்த மாதம் சர்வீஸில் சொல்லலாமா? (டொராண்டோ)

அடுத்த மாதமா? இன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். இன்டேக்குக்கு அடியில் பழைய பெட்ரோல் ஹோஸ், அதன் பக்கத்தில் பெட்ரோல் அழுத்தத்தின் துடிப்பை அடக்கும் பல்சேஷன் டாம்பர், அதற்குக் கீழே பழுக்கக் காய்ந்த டர்போ. டாம்பரின் நடுத் திருகுப் பக்கம் ஈரம் தெரிந்தால் காரணம் அதுதான். இந்த வண்டிகளில் எரிந்துபோனவை கொஞ்சநஞ்சமில்லை. டாம்பரையும் ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். தீயணைப்பான் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

டவுன்பைப், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றினேன். லே மான்ஸ் ஜெயித்த என்ஜின் ஆயிற்றே, 18 பவுண்ட் தாங்காதா? (கிள்ளான்)

1991-இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டா 787பி-யில் இருந்தது நாலு ரோட்டார் என்ஜின். அதில் டர்போவே கிடையாது. அதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

எக்ஸாஸ்ட் அடைப்பு முழுசாகப் போனால், கம்பெனி வேஸ்ட்கேட் துளை போதாமல் நீங்கள் கேட்காமலேயே பூஸ்ட் ஏறும். பெட்ரோல் அதற்கேற்ப ஏறாது. ஒரு தடவை 'டொக்' என்று வெடித்தால் 2 மில்லிமீட்டர் அபெக்ஸ் சீல் துண்டாகி, போகிற வழியில் ஹவுஸிங்கைக் கீறி, டர்போ இறக்கையையும் கடித்துவிட்டுப் போகும். பூஸ்ட் மீட்டர் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இருக்கிறதா?

வாசலிலிருந்து கொட்டகைக்கு நகர்த்தத்தான் ஸ்டார்ட் செய்தேன். அணைத்த பிறகு திரும்ப ஸ்டார்ட் ஆகவே இல்லை. (ஈப்போ, வேறொருவர்)

குளிரில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷத்தில் அணைத்தால் பெட்ரோல் மூழ்கடித்துவிடும். இனிமேல் தள்ளுங்கள்.

இப்போதைக்கு, பெட்ரோல் வராமல் இருக்க அதன் ஃப்யூஸை எடுங்கள். கீழ்ப்பக்கத்து இரண்டு ப்ளக்கையும் கழற்றிவிட்டு, பத்து விநாடி பத்து விநாடியாகச் சுற்றுங்கள். துளை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும், பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்க வேண்டாம். காய்ந்ததும் ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கையால் சுற்றி, ப்ளக்கை மாட்டுங்கள். ப்ளக்கின் சூடு தாங்கும் எண்ணில் கீழே 7-ஆம் நம்பர், மேலே 9-ஆம் நம்பர். வயர்களையும் மாற்றி மாட்டிவிடாதீர்கள். பேட்டரிக்கு முதலில் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் ஆனதும் தெருவே புகையால் மறையும், பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருந்தால் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.