தாமஸ் கான்டிலூப்: கேள்வி பதில்

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு முறை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக வேந்தராகவும், பிறகு ஹெரஃபோர்டு ஆயராகவும் இருந்த தாமஸ் கான்டிலூப் பற்றி வந்த கேள்விகள் இவை.

குடும்பச் செல்வாக்கால் மேலே வந்தவர்தானே?

செல்வாக்கு இருந்தது. அப்பா அரண்மனை அதிகாரி, சித்தப்பா வால்டர் வூஸ்டர் ஆயர். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு, பாரிஸ், ஆர்லியன் என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தது அவருடைய சொந்த உழைப்பு.

வேந்தர் என்றால் பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் வருகிறவரா?

அன்றைக்கு அப்படி இல்லை. மாணவர்களுக்கு நீதிபதியே வேந்தர்தான். வடக்கத்தி மாணவர்களும் தெற்கத்தி மாணவர்களும் ஆயுதத்தோடு மோதிக்கொண்ட காலம் அது. கான்டிலூப் அந்த ஆயுதங்களைப் பறிமுதல் செய்தார்.

அரசரை எதிர்த்த அணியில் இருந்தவர் எப்படி நாட்டின் சான்சலர், அதாவது அரச முத்திரையை வைத்திருக்கும் உயர் அதிகாரி, ஆனார்?

1264இல் லூயிஸ் போரில் எதிரணித் தலைவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட் அரசர் மூன்றாம் ஹென்றியைச் சிறைபிடித்தார். சைமனின் கை ஓங்கியிருந்த 1265 பிப்ரவரியில் அரச முத்திரை கான்டிலூப்பிடம் வந்தது. ஆகஸ்டில் ஈவ்ஷாமில் சைமன் கொல்லப்பட்டதும் பதவியும் போயிற்று. அப்புறம் கான்டிலூப் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பாரிஸுக்குப் போய் இறையியல் படித்தார். 1275இல்தான் ஆயர் ஆனார்.

குறையே இல்லாதவரா?

இல்லை. யூதர்களிடம் கடும் பகை காட்டினார். காலம் அப்படி என்று சொல்லி அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

சபையிலிருந்து விலக்கப்பட்டவருக்கு எப்படிப் புனிதர் பட்டம் கிடைத்தது?

ஆயரின் அதிகாரத்தில் பேராயர் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பதில் கான்டர்பரி பேராயர் ஜான் பெக்கமோடு தகராறு. 1282இல் பெக்கம் இவரைச் சபையிலிருந்து விலக்கினார். போப்பிடம் முறையிட இத்தாலிக்குப் போனவர், அந்த ஆகஸ்டிலேயே ஆர்வியட்டோ பக்கத்தில் இறந்தார். உடலை வேகவைத்து, சதையை அங்கேயே புதைத்து, எலும்புகளை ஹெரஃபோர்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

1287இல் எலும்புகளைப் புதிய கல்லறைக்கு மாற்றியதும், அங்கே வேண்டினால் நோய் குணமாகும் என்று நம்பிக் கூட்டம் குவிந்தது. நோயாளியை நூலால் தலை முதல் கால்வரை அளப்பார்கள். அந்த நூலையே திரியாக்கி மெழுகுவத்தி வார்த்துக் கல்லறையில் ஏற்றுவார்கள். 1307இல், இவருக்குப் புனிதர் பட்டம் தரலாமா என்று பார்க்கப் போப் அனுப்பிய விசாரணைக் குழு அங்கிருந்த காணிக்கைகளை எண்ணியது. மெழுகில் செய்த ஆள் உருவங்களும் கை கால்களும் 1,424. குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் 108. போப் 22ஆம் யோவான் 1320இல் புனிதர் பட்டம் கொடுத்தார்.