பாபி ஓரின் முதல் கார்டு: கேட்டீர்கள், சொல்கிறேன்

என்னிடம் உள்ள 1966-67 டாப்ஸ் நிறுவனத்தின் ஐஸ் ஹாக்கி கார்டை (வீரர் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) காட்டியதிலிருந்து நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். 35-ஆம் எண் கார்டு, பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் பாபி ஓருடையது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: ஐஸ் ஹாக்கி பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது அண்ணா. யார் இவர்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி சவுண்ட் ஊர்க்காரர், 1948-இல் பிறந்தவர், 18 வயதிலேயே பாஸ்டனுக்கு ஆட வந்துவிட்டார். ஆடியது தடுப்பாட்ட இடத்தில். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் நிற்பவர் எதிரணியை மறிக்க வேண்டும், பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) கிடைத்தால் முன்னால் இருப்பவருக்குத் தள்ளிவிட வேண்டும், பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. ஓர் தள்ளிவிட மாட்டார். தானே எடுத்துக்கொண்டு மறுமுனை வரை சறுக்கிப் போய் கோல் போட்டுவிட்டு, எதிரணி சுதாரிப்பதற்குள் தன் இடத்துக்குத் திரும்பியிருப்பார். கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு ஒரு புள்ளி என்று கணக்கு. 1969-70-இல் 120 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். 1974-75-இல் மறுபடியும் முதலிடம். வேறு எந்தத் தடுப்பாட்டக்காரரும் இன்றுவரை அதை ஒரு தடவைகூடச் செய்யவில்லை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதைத் தொடர்ந்து 8 வருடம் வாங்கினார்.

கேள்வி: காற்றில் பறக்கிற மாதிரி ஒரு படம் உண்டே, அது இவர்தானா?

இவரேதான். 1970 மே 10, லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம், செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராக. கூடுதல் நேரம் தொடங்கி 40 விநாடியில் கோல் போட்டார், கோப்பை பாஸ்டனுக்கு. எதிரணியின் நோயல் பிக்கார்ட் இடறிவிட்டதில்தான் உடம்பு அப்படி மேலே போனது, ஆனால் பக் அதற்குள் வலைக்குள் போய்விட்டது!

கேள்வி: கார்டைச் சுற்றி மரப்பலகை மாதிரி இருக்கிறதே?

டிவி பெட்டி அது. வீரர் டிவி திரையில் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். பார்க்க அழகு, சேகரிப்பவர்களுக்குத் தலைவலி, ஏனென்றால் ஓரத்தில் துளி உதிர்ந்தாலும் பழுப்பு நிறத்துக்கு நடுவே வெள்ளையாகப் பல்லைக் காட்டும். மூலை கெடாத கார்டு அவ்வளவு விலை போவது இதனால்தான். அமெரிக்காவுக்கென்று சோதனையாக 66 கார்டு மட்டும் தனியாக அச்சிட்டார்கள், அதில் மரநிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும். கனடா தொகுப்பில் 132.

கேள்வி: வீட்டுப் பழைய பெட்டியில் ஒன்று கிடைத்தது சார். ஒரிஜினலா என்று எப்படித் தெரியும்?

மறுஅச்சுகள் ஏராளம், அதனால் அவசரப்படாதீர்கள். உருப்பெருக்கியில் பெயர் எழுத்துகளைப் பாருங்கள். ஒரிஜினலில் மை ஒரே சீராக நிறைந்திருக்கும், ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். அப்புறம், அதே தொகுப்பில் பிரபலமில்லாத வீரரின் கார்டு ஒன்றை மலிவாக வாங்கிப் பக்கத்தில் வைத்து அட்டையின் கனத்தையும் நிறத்தையும் ஒப்பிடுங்கள். அதற்கும் மேல் சந்தேகம் என்றால், கார்டைச் சோதித்துத் தரம் சொல்லும் கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் 657 ஆட்டம்தானா?

முழங்கால். முதல் சீசனிலேயே இடது காலில் அடி, பிறகு அறுவை மேல் அறுவை. 1974-75-இல் 80 ஆட்டம், 46 கோல். அடுத்த சீசனில் பாஸ்டனுக்கு 10 ஆட்டம் மட்டுமே. சிகாகோவுக்குப் போய் அங்கே 26 ஆட்டம், 1978-இல் 30 வயதில் நிறுத்திவிட்டார். மொத்தம் 915 புள்ளி. ஓய்வுக்குப் பிறகு வழக்கமான மூன்று வருடக் காத்திருப்பை வேண்டாமென்று விட்டுவிட்டு, 1979-லேயே அவரை ஹால் ஆஃப் ஃபேமில் (ஹாக்கியின் மகத்தான வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) சேர்த்தார்கள். இந்தக் கார்டில் இருப்பது அந்தக் கத்தியெல்லாம் படுவதற்கு முந்தைய பையன். அதனால்தான் நான் இதை விற்கவே மாட்டேன்.

கேள்வி: மூலை மழுங்கிய கார்டு குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள், ஒரிஜினலா என்று மட்டும் உறுதி செய்துகொண்டு. என்னுடையதிலும் இரண்டு மூலை மழுங்கல்தான். மெல்லிய உறையில் போட்டு, அதைக் கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் வையுங்கள், ரப்பர் பேண்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.